இரண்டு புள்ளி

மதுரை,
18.05.2025

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் உன் ஹூஸ்டன் பல்கலைக்கழகம் கூடைப்பந்தில் தோற்ற கதை. இங்கே எல்லோரும் சௌக்கியமா என்று கேட்க உனக்கு அரை வரிதான் மிஞ்சியிருக்கிறது. சௌக்கியம்தான். மல்லிகாவும் பிள்ளைகளும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

நீ கேட்டது 1983-ஆ, 2025-ஆ, எது பெரிய வலி என்று. இரண்டும் அமெரிக்கக் கல்லூரி அணிகளின் தேசியப் போட்டியில் இறுதி ஆட்டம், இரண்டிலும் இரண்டே புள்ளியில் தோல்வி: 54-52, 65-63. இரண்டிலும் கடைசி நொடியில் பந்து உங்கள் கையிலிருந்து வளையத்தை நோக்கிப் போகவே இல்லை. ஆனாலும் 1983-ஐ நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். காரணத்தைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி.

1983 ஏப்ரல் 4, ஆல்புகர்க்கி. எல்லோருக்கும் நினைவில் நிற்பது ஒரே காட்சி: எதிரணியான வட கரோலைனா ஸ்டேட்டின் டெரிக் விட்டன்பர்க் ஏறத்தாழ முப்பது அடி தூரத்திலிருந்து வீசிய பந்து வளையத்துக்கு எட்டவில்லை, லொரென்சோ சார்ல்ஸ் அதைக் காற்றிலேயே பிடித்து உள்ளே திணித்தார், பயிற்சியாளர் ஜிம் வால்வானோ கட்டிப்பிடிக்க ஆள் தேடிக் களத்தில் ஓடினார். உங்கள் ஆட்கள் நாற்பது வருஷமாக 'அதிர்ஷ்டம்' என்று புலம்புவது இந்தக் காட்சியை வைத்துத்தான். ஆட்டம் கைநழுவியது அதற்கும் முன்னால்.

பாதி ஆட்டத்தில் 33-25 என்று பின்தங்கியிருந்த ஹூஸ்டன், இடைவேளைக்குப் பிறகு 17-2 என்று அடித்து 42-35 ஆக்கியது. ஓடி ஓடி டங்க் (எகிறிப் பந்தை வளையத்துக்குள் திணிப்பது) அடிப்பதுதான் அந்த அணியின் உயிர். 'ஃபை ஸ்லாமா ஜாமா' என்ற பட்டப்பெயரே அதனால் வந்தது. அந்த நேரத்தில் ஹூஸ்டன் பயிற்சியாளர் கை லூயிஸ் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். அந்தப் போட்டியில் ஷாட் கிளாக் (இத்தனை நொடிக்குள் பந்தை வளையத்துக்கு வீச வேண்டும் என்று கணக்கிடும் கடிகாரம்) கிடையாது. 45 நொடிக் கடிகாரம் 1985-86-இல்தான் எல்லோருக்கும் வந்தது. ஆகவே முன்னிலையில் இருக்கிறவன் பந்தைப் பிடித்துக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம். முழுத் தவறென்றும் சொல்ல மாட்டேன். ஆல்புகர்க்கி கடல் மட்டத்திலிருந்து சுமார் ஐயாயிரம் அடி உயரம், மூச்சு வாங்கும். இரண்டு நாள் முன்புதான் லூயிவில்லோடு 94-81 என்று ஓடித் தீர்த்திருந்தார்கள். ஹூஸ்டனின் டிரெக்ஸ்லருக்கு முதல் பாதியிலேயே நான்கு ஃபவுல்.

ஆனால் பந்தைப் பிடித்து வைத்தால் எதிரணிக்கு ஒரே வழிதான் மிஞ்சும்: ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் போடும் ஒரு புள்ளிப் பந்து) கோட்டுக்கு அனுப்புவது. வால்வானோ அதைத்தான் செய்தார். கணக்கைப் போட்டுப் பார். 'ஒன் அண்ட் ஒன்' விதியில் முதல் பந்து விழுந்தால்தான் இரண்டாவது உண்டு. நூற்றுக்கு அறுபது போடுகிறவன் அந்தக் கோட்டில் நின்றால் சராசரியாகக் கிடைப்பது 0.96 புள்ளி (0.6-ம் 0.36-ம்). நூற்றுக்கு எண்பது போடுகிறவனுக்கு 1.44. முன்னவனை ஃபவுல் செய்துவிட்டு, மறுபக்கம் போய் இரண்டு புள்ளி எடுத்துக்கொண்டே இருந்தால் ஏழு புள்ளி முன்னிலை எத்தனை நேரம் தாங்கும்? ஹூஸ்டன் அன்று 19 ஃப்ரீ த்ரோவில் 10-தான் போட்டது. 52-52 என்று இருக்கும்போது ஆல்வின் ஃபிராங்க்ளினின் ஒன் அண்ட் ஒன் முதல் பந்திலேயே தவறியது. சார்ல்ஸின் டங்குக்கு அங்கேயே கதவு திறந்துவிட்டது.

கடைசிப் பந்தில் தவறே இல்லையா என்றால், உண்டு. ஹூஸ்டனின் பென்னி ஆண்டர்ஸ் பாஸில் கை வைத்து ஏறக்குறைய பறித்தே விட்டார். இன்னும் இரண்டு விரல் சேர்ந்து பட்டிருந்தால் தனியாக ஓடி டங்க் அடித்திருப்பார். அது நூலிழை, அதை விடு. விட்டன்பர்க் வீசியதும் எல்லோரும் பந்தை அண்ணாந்து பார்த்ததுதான் குற்றம். ஹூஸ்டனின் ஒலாஜுவான் முன்னால், சார்ல்ஸ் அவருக்குப் பின்னால் வளையத்தடியில். ஷாட் கிளம்பியதும் முதலில் திரும்பி ஆளைத் தேடு, இடுப்பை அவன்மேல் அழுத்து, அப்புறம் பந்தைப் பார் என்று பள்ளிக்கூடப் பையனுக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். அன்று 20 புள்ளியும் 18 ரீபவுண்டும் (தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்த ஒலாஜுவானுக்கே அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது. தோற்ற அணியில் இருந்துகொண்டு அதை வாங்கிய ஆள் அவருக்குப் பிறகு கிடையாது.

நடுவில் நீ குறிப்பிடாமல் விட்ட ஒன்று: 2018 மார்ச், விச்சிட்டா, மிச்சிகனோடு இரண்டாம் சுற்று. ஹூஸ்டன் 63-61. கோட்டில் இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தால் மூன்று புள்ளி முன்னிலை, எதிரணியால் சமன்தான் செய்ய முடியும். இரண்டும் தவறின. மீதம் 3.6 நொடி. நீளமாக ஒரு பாஸ், அங்கிருந்து பக்கத்தில் ஒரு பாஸ், மிச்சிகனின் ஜோர்டன் பூல் காலை அகட்டிக்கொண்டு வீசியது உள்ளே போனது. 64-63. அந்த மிச்சிகன் அணி பிறகு இறுதி ஆட்டம்வரை போனது. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் இது உன் பட்டியலில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். 35 வருஷம் கழித்தும் அதே ஃப்ரீ த்ரோ கோடு.

இப்போது 2025-க்கு வருகிறேன். நம் ஊர் நேரத்துக்கு அது செவ்வாய் காலை. அதற்கு இரண்டு நாள் முன்னால் டியூக் பல்கலைக்கழகத்தோடு நடந்த அரையிறுதியை முதலில் பேசியாக வேண்டும். கடைசி எட்டு நிமிடத்தில் 14 புள்ளி பின்தங்கியிருந்து 70-67 என்று ஜெயித்தீர்கள். ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது, டியூக் வெளியிலிருந்து பந்து போடுகையில் உங்கள் டக்லர் கோட்டைத் தாண்டிக் கையை விட்டு டெக்னிக்கல் ஃபவுல் வேறு வாங்கினார். அதற்கப்புறமும் உங்கள் எமானுவேல் ஷார்ப்பின் மூன்று புள்ளி. வெளியிலிருந்து போட்ட பந்தைப் பறித்தது. தவறிய ஷாட்டை அதே டக்லர் டங்க் அடித்தது. டியூக்கின் ஒன் அண்ட் ஒன் முதல் பந்து தவறியது. அந்த ரீபவுண்டுக்கு எகிறி டியூக்கின் கூப்பர் ஃபிளாக் உங்கள் ராபர்ட்ஸ் முதுகில் ஏறிய ஃபவுல். ராபர்ட்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். டியூக் ரசிகன் அன்று இரவு தூங்கியிருப்பானா? உன் அலுவலகத்து டியூக்காரரைக் கேலி செய்தாயாமே. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

ஃபுளோரிடாவோடு இறுதி ஆட்டம், அரையிறுதி நடந்த அதே சான் அன்டோனியோவில். இரண்டாம் பாதியில் 12 புள்ளி முன்னிலை. 40 நிமிடத்தில் ஃபுளோரிடா முன்னிலையில் இருந்தது எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் சொச்சம்தான். ஃபுளோரிடாவின் அலைஜா மார்ட்டினின் இரண்டு ஃப்ரீ த்ரோவில் 64-63 ஆனது, 46.5 நொடி மீதம். அடுத்து உங்கள் பந்து. ஷாட்டே போடாமல் பறிபோனது. ஃபுளோரிடா ஃப்ரீ த்ரோவில் ஒன்றைப் போட்டு ஒன்றைத் தவறவிட்டு 65-63. மீதம் 19.7 நொடி, பந்து உங்களிடம்.

பத்தொன்பது நொடி என்பது கூடைப்பந்தில் நிறைய நேரம். எட்டு நொடி மீதம் இருக்கும்போது ஆட்டத்தை ஆரம்பித்து, நான்கு நொடி மீதம் இருக்கையில் ஷாட் வளையத்துக்குப் போயிருக்க வேண்டும். தவறினாலும் ரீபவுண்ட் எடுத்து இன்னொரு முறை போட அந்த நான்கு நொடி வேண்டும். அடித்துப் பிடித்து ரீபவுண்ட் எடுப்பதில் பேர் பெற்ற, பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சனின் அணிக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. சமன் செய்ய இரண்டு புள்ளி போதும் என்பதும் இருக்கிறது. இருந்தும் கடைசி மூன்று நான்கு நொடிவரை வெளியிலேயே சுற்றி, ஷார்ப்பிடம் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்து வந்தது.

ஃபுளோரிடாவின் வால்ட்டர் கிளேட்டன் அவரை நோக்கிப் பாய்ந்து வந்தார். ஓடிவந்து தடுக்கிறவனுக்கு எதிராகக் காலைத் தரையில் வைத்தபடி ஒரு போலி ஷாட் காட்ட வேண்டும். அவன் பறந்து தாண்டியதும் ஒரு டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டுவது) பக்கவாட்டில் எடுத்து நிதானமாகப் போடலாம். ஷார்ப் முதலிலேயே எகிறிவிட்டார். காற்றில் இருக்கும்போதுதான் கிளேட்டனின் கை தெரிந்தது. பந்தோடு எகிறிவிட்டால் அதோடு தரையில் இறங்கக் கூடாது, டிராவலிங். எனவே பந்தைக் கீழே விட்டார். விட்டதை அவரே முதலில் தொட்டாலும் டிராவலிங்தான். அதனால்தான் அது தரையில் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு குனிந்து நின்றார். தோழர்கள் எவரும் அருகில் இல்லை. ஃபுளோரிடாக்காரர் பாய்ந்து விழுந்தார், நேரம் முடிந்தது.

நீ எழுதியிருக்கிறாய், 'எதையாவது எறிந்திருக்கலாமே' என்று. ஆமாம், எறிந்திருக்க வேண்டும். பந்தை உயரத் தூக்கிப் போட்டிருந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம்: கிளேட்டனின் கை மணிக்கட்டில் பட்டு மூன்று ஃப்ரீ த்ரோ, தட்டிவிட்ட பந்து உங்கள் ஆள் கைக்கே வருவது, அல்லது போர்டில் பட்டு உங்கள் ரீபவுண்டர்கள் கைக்குப் போவது. எல்லாமே குறைந்த வாய்ப்புதான், கீழே விட்டதைவிட மேல். ஆனால் இதைக் கணக்குப் பார்க்க அவருக்குக் கிடைத்தது அரை நொடி. டியூக்கை எழுந்து வீழ்த்தியதில் முக்கியமான மூன்று புள்ளி அதே பையனுடையதுதான் என்பதை மறந்துவிட்டு அவரை மட்டும் திட்டாதே. எட்டு நொடியில் ஆரம்பிக்காததற்கு ஐந்து பேரும் பெஞ்சும் பொறுப்பு.

1983-இல் எதிரணி போட்டுத் தோற்றீர்கள், 2025-இல் நீங்கள் போடாமலே தோற்றீர்கள். தவறிய ஷாட்டை மறக்கலாம். போடாத ஷாட் ரசிகன் மனசுக்குள் தினம் உள்ளே விழுந்துகொண்டே இருக்கும். அதனால்தான் 2025-ஐ முதலில் வைக்கிறேன்.

உன்னைவிடப் பாவப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு மெம்ஃபிஸைச் சொல்லலாம். மூன்று புள்ளி முன்னிலையில், எதிரணி மூன்று புள்ளி ஷாட் போட விடாமல் ஃபவுல் செய்ய வேண்டுமா என்ற உன் இரண்டாவது கேள்விக்குப் பதிலும் அங்கேதான். 2008 ஏப்ரல் 7, இதே சான் அன்டோனியோ. 2:12 மீதம் இருக்க மெம்ஃபிஸ் ஒன்பது புள்ளி முன்னே. கடைசி ஒன்றேகால் நிமிடத்தில் ஐந்து ஃப்ரீ த்ரோவில் நான்கு தவறின. 63-60, 10.8 நொடி. கான்சாஸின் ஷெரன் காலின்ஸ் தடுமாறியபடியே பந்தைக் கொண்டுவந்தார். மெம்ஃபிஸ் ஃபவுல் செய்யத்தான் பார்த்தது, ஆனால் தொட்டது பூப்போல. நடுவர் விசில் ஊதவில்லை. மாரியோ சால்மர்ஸ் கைக்குப் பந்து போய் 2.1 நொடி மீதம் இருக்க மூன்று புள்ளி. கூடுதல் நேரத்தில் கான்சாஸ் 75-68 என்று ஜெயித்தது.

நானாக இருந்தால் ஃபவுல் செய்யச் சொல்வேன், சில நிபந்தனைகளோடு. ஏழு நொடிக்குக் கீழே வந்த பிறகுதான். பத்து நொடியில் செய்தால் ஃப்ரீ த்ரோ ஆட்டம் இரண்டு முறை நடக்கும், உன் ஆட்கள் தவறவிட்டால் போச்சு. பந்து வைத்திருக்கிறவன் முதுகு காட்டும்போதோ டிரிபிள் செய்யும்போதோ செய்ய வேண்டும். கை மேலே போன பிறகு தொட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தால் ஃபிளேக்ரன்ட் (கடுமையான ஃபவுல்) ஆகி, இரண்டு ஃப்ரீ த்ரோவோடு பந்தும் போய்விடும். பந்தைப் பறிக்கிற மாதிரி கையைக் கொண்டுபோய், முன்கையில் நன்றாகச் சத்தம் வர அடிக்க வேண்டும். எதிரணி முதல் பந்தைப் போட்டுவிட்டு இரண்டாவதை வேண்டுமென்றே வளையத்தில் அடிக்கும். அப்போது உள்பக்க இடங்கள் தடுக்கிற அணிக்குத்தான், ஆளைப் பூட்டி நின்றால் போதும். இதையெல்லாம் டைம் அவுட்டில் முதல் முறையாகச் சொன்னால் எவனுக்கும் ஏறாது. வாரம் இரண்டு முறையாவது பயிற்சியில் செய்திருக்க வேண்டும்.

கென்டக்கியை வைத்து, வெளியிலிருந்து பந்து போடுகிறவன் எதிரே ஆளை நிறுத்த வேண்டுமா என்று நீ கேட்டதற்கும் சுருக்கமாக. 1992, ஃபிலடெல்ஃபியா, டியூக்கோடு ஆட்டம், அங்கேயும் மீதம் 2.1 நொடிதான், 103-102 என்று முன்னிலை. வெளியிலிருந்து பந்து போட்ட டியூக்கின் கிராண்ட் ஹில்லுக்கு எதிரே கென்டக்கி பயிற்சியாளர் ரிக் பிட்டினோ ஆளே நிறுத்தவில்லை. அவர் தடையில்லாமல் முக்கால் மைதான நீளத்துக்கு எறிந்தார். டியூக்கின் லேட்னர் பிடித்து, ஒரு டிரிபிள் வைத்து, திரும்பி, போட்டார். அன்று அவர் களத்தில் பத்துக்குப் பத்து, ஃப்ரீ த்ரோவிலும் பத்துக்குப் பத்து. பின்னால் நின்ற இருவரும் ஃபவுலுக்குப் பயந்து கையை இழுத்துக்கொண்டார்கள். உயரமான ஒருவனை ஹில்லுக்கு முன்னால் கையை விரித்து ஆடவிட்டிருந்தால் பாஸ் வளைந்திருக்கும். ஆனால் பின்னால் ஓர் ஆள் குறைவார். அவ்வளவு தூரத்துக்கு எனக்கு அந்த விலை சரியாகத்தான் படுகிறது.

1993-இல் மிச்சிகனின் கிறிஸ் வெபர் இல்லாத டைம் அவுட்டைக் கேட்டது முழுக்க அவர் தவறுதான் என்று நீ எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. தன் அணியின் பெஞ்சுக்கு முன்னாலேயே மூலையில் இரண்டு பேர் மடக்கியபோது கேட்டார். வட கரோலைனா 73-71 என்று முன்னே, 11 நொடி. டெக்னிக்கல், இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் வட கரோலைனாவுக்கு. மீதி இல்லை என்று கடைசி டைம் அவுட்டிலேயே ஒவ்வொருவன் வாயாலும் திருப்பிச் சொல்ல வைப்பது பெஞ்சின் வேலை.

நவம்பரில் ஆட்டங்கள் தொடங்கியதும் எனக்கு ஓர் உதவி செய். ஹூஸ்டனின் கடைசி நான்கு நிமிட ஃப்ரீ த்ரோக்களை மட்டும் தனியாகக் குறித்து வை: யார் போட்டது, ஒன் அண்ட் ஒன்னா இரட்டையா, அப்போது புள்ளி வித்தியாசம் என்ன. மொத்த சதவீதம் வேண்டாம், அது எங்கேயும் கிடைக்கும். பொங்கலுக்குள் அனுப்பு.

அன்புடன்,
முரளி