தொகை தெரிகிறது, தப்பு தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வணிகப் பக்கத்தில் தரவுப் பாதுகாப்பு அபராதம் (மக்களின் சொந்த விவரங்களைத் தவறாகக் கையாண்டதற்கு நிறுவனங்களுக்குப் போடுவது) பற்றிய செய்தி எப்போது வந்தாலும் தலைப்பிலேயே தொகை இருக்கிறது, கூடவே அந்த நிறுவனத்தின் பெரிய சின்னம் ஒன்றும் இருக்கிறது, ஆனால் அவர்கள் என்னதான் செய்தார்கள் என்பது கடைசிப் பத்தியில் 'விதிமீறல்' என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடுகிறது. குறையாகத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நிறுவனங்களை இந்தச் சட்டங்களுக்குத் தயார்படுத்துவதுதான் என் பிழைப்பு. செய்தியைப் படித்துவிட்டு வரும் முதலாளிகளில் பாதிப் பேர் சொல்வது ஒன்றேதான்: "அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு சார், நம்மள யார் பார்க்கப் போறாங்க?" 2023 மே மாதம் மெட்டாவுக்கு அயர்லாந்து தரவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட 120 கோடி யூரோ அபராதத்தைப் படித்தால் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு அப்படித் தோன்றுவதில் தப்பில்லை.

என்ன தப்பு நடந்தது என்று பார்த்தால்தான் பயம் வரும். 2018-இல் போர்ச்சுகலில் ஒரு மருத்துவமனைக்கு 4 லட்சம் யூரோ அபராதம் போட்டார்கள். வெளியாள் யாரும் உள்ளே புகுந்து எதையும் திருடவில்லை. அங்கே இருந்த மருத்துவர்கள் 296 பேர், கணினியில் 'மருத்துவர்' என்ற உரிமையோடு இருந்த கணக்குகள் 985, விஷயம் முக்கால்வாசி அவ்வளவுதான். போன வருஷம் வேலையை விட்டுப் போனவரின் லாகின் இன்னும் திறக்கிறதா என்று எந்த அலுவலகத்தில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லத் திணறுவார்கள்.

இன்னொன்று எச் அண்டு எம் துணி நிறுவனத்தின் கதை. ஜெர்மனியில் நியூரம்பெர்க்கில் இருந்த அவர்களுடைய சேவை மையத்தில், விடுப்பு முடிந்து திரும்பும் ஊழியரை மேலாளர் உட்காரவைத்து நலம் விசாரிப்பார். எங்கே போனீர்கள், உடம்புக்கு என்ன, டாக்டர் என்ன சொன்னார் என்று பேச்சு போகும். பேசி முடித்ததும் அதை அப்படியே கோப்பில் எழுதி வைத்துவிடுவார். அலுவலகத் தாழ்வாரப் பேச்சில் தெரிந்த குடும்பத் தகராறு, மத நம்பிக்கை எல்லாம்கூட அதில் ஏறியது. ஐம்பது மேலாளர்கள் வரை அதைத் திறந்து படிக்க முடிந்தது, ஊழியர்களின் வேலை பற்றி முடிவெடுக்கவும் அது உதவியது. 2019 அக்டோபரில் ஏதோ ஒரு அமைப்புப் பிழையால் சில மணி நேரம் நிறுவனத்தில் எல்லோருக்குமே அந்தக் கோப்புகள் திறந்துகொண்டன, குட்டு வெளிப்பட்டது. அபராதம் 3.53 கோடி யூரோ. பணத்தை விடுங்கள், நலம் விசாரித்ததைக் குறித்து வைப்பதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை, ஒரு எக்செல் கோப்பு போதும், அப்படிக் கோப்பு வைத்திருக்கும் மனிதவளத் துறைகள் எத்தனை என்று நினைத்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது.

விவரங்களைப் பயன்படுத்தச் சம்மதம் வாங்கும் விஷயத்திலும் இதே கூத்துதான். கட்டத்தில் நீங்களே டிக் போட்டு வைத்துவிட்டு 'வாடிக்கையாளர் சம்மதித்தார்' என்று சொல்ல முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபரிலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2022 ஜனவரியில் பிரான்ஸ் ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்ததற்குக் காரணம், குக்கீக்கு (தளம் நம் கணினியில் விட்டுவைக்கும் சின்னக் கண்காணிப்புக் கோப்பு) 'சரி' சொல்ல ஒரு கிளிக் போதும், 'வேண்டாம்' சொல்ல நாலைந்து இடம் போய்த் தேட வேண்டும் என்பதுதான். 'வேண்டாம்' பொத்தானைச் சாம்பல் நிறத்தில், கண்ணில் படாமல் வை என்று டிசைனரிடம் சொல்லும் மார்க்கெட்டிங் ஆட்களை இன்றைக்கும் பார்க்கிறேன். அந்தத் தீர்ப்புகள் அவர்கள் காதுக்கு எட்டவே இல்லை, எட்டியதெல்லாம் தொகை.

அப்புறம் மறைப்பது. 2016-இல் ஊபரில் 5.7 கோடி பேரின் விவரம் திருட்டுப் போனது. திருடியவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து வாயை அடைத்துவிட்டு ஒரு வருஷம் சத்தம் காட்டாமல் இருந்தார்கள். பிறகு அமெரிக்க மாநிலங்களுக்கு 14.8 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது, பாதுகாப்புத் துறைத் தலைவராக இருந்தவர் 2022-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. இதற்கு நேர் எதிராக, ஜெர்மனியில் கிநுடல்ஸ் என்ற அரட்டைத் தளம் பயனர்களின் கடவுச்சொற்களை மறைகுறியாக்கம் எதுவும் செய்யாமல் வெறும் எழுத்தாகவே சேமித்து வைத்திருந்தது, அது திருட்டும் போனது. மன்னிக்கவே முடியாத அலட்சியம். ஆனால் அவர்கள் தாங்களாகவே போய் ஆணையத்திடம் சொன்னார்கள், பயனர்களுக்கும் சொன்னார்கள், சொன்னபடி ஓட்டைகளை அடைத்தார்கள், அபராதம் 20,000 யூரோவோடு போயிற்று. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு செய்தி போட்டிருந்தால், நான் வகுப்பெடுத்துச் சொல்வதைவிட ஆயிரம் மடங்கு வேலை செய்திருக்கும்.

தலைப்பில் போடுகிற தொகையாவது நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 18.3 கோடி பவுண்டு போடப்போவதாக 2019 ஜூலையில் அறிவித்தார்கள், உலகமே எழுதியது. 2020 அக்டோபரில் கடைசியாகப் போட்டது 2 கோடி பவுண்டு.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன, நிறுவனங்கள் செய்ய வேண்டிய முக்கியமான காரியங்களுக்கு 18 மாதம் அவகாசம். செய்தித் தலைப்புகளில் வந்தது 250 கோடி ரூபாய் என்ற உச்சவரம்பு மட்டும்தான். தரவு கசிந்தால் அது சின்னதா பெரியதா என்ற பேச்சே இல்லாமல் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனே தெரிவித்து 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஐரோப்பாவில்கூட ஆபத்து அதிகம் என்றால்தான் ஆட்களுக்குச் சொல்லியாக வேண்டும். யாருடைய விவரம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்றே தெரியாத நிறுவனம் யாருக்கு என்று போய்ச் சொல்லும்? ஆனால் நடப்பது என்ன? அவசரத்துக்கு எங்கிருந்தோ ஒரு தனியுரிமைக் கொள்கையை நகலெடுத்துத் தளத்தில் ஒட்டிவிடுகிறார்கள். ஒன்றில் நாலாவது பத்தியில் வேறொரு நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது, அதை அந்த நிறுவனத்தில் ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லை.

ஆகவே கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படிச் செய்தி போடும்போது என்ன விவரம் வைத்திருந்தார்கள், எதற்காக, யாரெல்லாம் பார்க்க முடிந்தது, எப்படி வெளியே போனது, எத்தனை நாள் கழித்துச் சொன்னார்கள் என்று ஒரு பத்தி சேருங்கள். ஐரோப்பிய ஆணையங்கள் பல தங்கள் முடிவுகளைத் தளத்திலேயே வெளியிடுகின்றன, ஒரு நிருபர் அரை நாள் உட்கார்ந்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்

பின்குறிப்பு: சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படிக்கும் வசதியை நிறுவனம் தர வேண்டும் என்று அந்த இந்தியச் சட்டம் சொல்கிறது. தமிழும் அதில் உண்டு. ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.