துடைப்பத்தையும் சொல்லுங்கள், தோழர்களே

வடசென்னையில் படிப்பகங்கள் நடத்தும் தொழிற்சங்கத் தோழர்களுக்கு வணக்கம்.

மே தினம் வந்தால் உங்கள் மேடைகளில் ரஷ்ய எழுத்தாளர் கார்க்கியின் 'தாய்' நாவல் தவறாமல் வந்துவிடும். கல்யாணத்துக்கும் அதையே பரிசாகக் கொடுப்பீர்கள். எனக்கும் அப்படிக் கிடைத்ததுதான், தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்ப்பு. பரண்மேல் கிடந்ததை இந்த வருஷம்தான் எடுத்துப் படித்தேன். நீங்கள் சொல்லும் கதையில் பாதிதான் புத்தகத்தில் இருக்கிறது; மீதிப் பாதியை யாரும் சொல்வதே இல்லை.

நீங்கள் கதையில் வரும் ஆலைத் தொழிலாளி பாவெலைச் சொல்கிறீர்கள். மே தின ஊர்வலத்தில் கொடி பிடித்தான், கைதானான், கோர்ட்டில் நிமிர்ந்து பேசினான். சரி. அதற்கு ரொம்ப முன்னால், ஆரம்பப் பக்கங்களிலேயே, அவன் குடியை விட்டுவிட்டு வீட்டைப் பெருக்குகிறான். லீவு நாளில் தன் படுக்கையைத் தானே எடுத்துவைக்கிறான். அந்தக் குடியிருப்பில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை என்று கார்க்கியே எழுதுகிறார். கொடியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் தோழர் எவரும் துடைப்பத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தை என் மகனிடம் காட்டினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை வீடு பெருக்குவது அவன் வேலை. கட்டிலுக்கு அடியில் மட்டும் துடைப்பம் போகாது, அது வேறு விஷயம்.

அடுத்தது டீ. பாவெல் வீட்டில் முதல் கூட்டம். யார் யாரோ பயங்கரமான ஆட்கள் வரப்போகிறார்கள் என்று அவன் அம்மா நீலவ்னா நடுங்கிக்கொண்டிருக்கிறாள். வந்தவர்களில் நதாஷா என்ற பெண், ஆதிமனிதர்கள் குகையில் வாழ்ந்த கதையைச் சத்தமாகப் படிக்கிறாள். டீ ஊற்றியபடியே நீலவ்னா கேட்கிறாள். நம் கூட்டங்களிலும் இவ்வளவு தூரம் நடக்கத்தான் செய்கிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம் டீ போட்டுக்கொண்டே நானும் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். ஆனால் கார்க்கி அவளை அங்கேயே நிறுத்தவில்லை. நாற்பது வயதில், வெட்கப்பட்டுக்கொண்டு, மகனின் தோழன் அந்திரேயிடம் எழுத்துக் கற்கிறாள். மகன் ஜெயிலுக்குப் போனதும் சாப்பாடு விற்பவளாக ஆலைக்குள் நுழைந்து துண்டுப் பிரசுரங்களைச் சேர்க்கிறாள்.

பின்னி துணி மில் மூடிய பிறகு வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் பல வீடுகளில் அடுப்பெரிந்தது, பொம்பளைங்க வாசலில் இட்லி சுட்டு விற்றதால்தான். என் அம்மாவும் அதில் ஒருத்தி. சங்க வரலாறு என்றால் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் என்று மூச்சுவிடாமல் சொல்கிறீர்கள். சொல்ல வேண்டிய பெயர்கள்தான். மில்காரன் பொண்டாட்டி ஒருத்தி பெயராவது அதில் வரக்கூடாதா?

நாவலில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. நடுவில் ஆளாளுக்குப் பிரசங்கம் செய்வார்கள். சில பக்கங்களை நான் தாண்டித்தான் போனேன். நீலவ்னாவை மட்டும் தாண்ட முடியவில்லை. புருஷனிடம் அடிவாங்கிக் கூனிப்போனவள், ஒவ்வொரு காரியத்தையும் பயந்து பயந்தே செய்கிறாள், ஆனாலும் செய்துவிடுகிறாள். தைரியம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது பத்தாம் வகுப்பு. எட்டாவதோடு நின்றவள் நான். இப்போது தனித்தேர்வராக எழுதப் பணம் கட்டிவிட்டேன். கணக்கை நினைத்தால் இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படிப்பகக் கூட்டத்தை ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு வைக்கிறீர்கள். அது அடுப்படி நேரம். மத்தியானம் மூன்று மணிக்கு மாற்றுங்கள். பிள்ளைகளோடு வந்தால் முகம் சுளிக்காதீர்கள். 'தாய்' அத்தியாயங்கள் சின்னச் சின்னதாகத்தான் இருக்கும்; வாரம் ஒன்றிரண்டு சத்தமாகப் படிக்கலாம், எழுத்துத் தெரியாதவர்களும் கேட்பார்கள். முதல் வாரம் படிக்க நான் தயார். அன்றைக்கு டீக்கு ஆம்பளைங்களில் யார் பொறுப்பு என்று அறிவிப்புப் பலகையிலேயே எழுதிவிடுங்கள்.

தோழமையுடன்,
வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி