தம்பி கேட்ட குதிரை விஷயம்

வெர்டன், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மா, நாகலூர்ப் பாட்டி, அக்கா எல்லோர் நலமும் அறிய ஆவல். உங்கள் கடிதம் வந்தது. மழை நேரத்துக்குப் பெய்து காபி பூத்துவிட்டது என்று படித்ததும் மனசு குளிர்ந்தது. இங்கே ஏப்ரலிலும் விடியற்காலையில் விரல் விறைக்கிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை.

நான் வேலை பார்க்கிற லாயத்தில் போட்டிக் குதிரையை எப்படித் தயார் பண்ணுகிறோம், அந்தியூர்ச் சந்தையில் வாங்கின நம் குதிரைக்கு அதெல்லாம் ஆகுமா என்று தம்பி கேட்டிருக்கிறான். இதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் போட்டிக்கு டிரெஸ்ஸாஜ் என்று பெயர். அது ஓட்டப் பந்தயம் இல்லை, குதிரை சொன்னபடி அழகாக நடை போடுகிறதா என்று பார்ப்பது. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் மணல் களம். ஓரங்களில் எழுத்துப் பலகைகள். எந்த எழுத்தில் நடை மாற வேண்டும், எங்கே வட்டம் போட வேண்டும் என்பது முன்பே எழுதின பாடம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் நாட்டு அணி தங்கம் வாங்கினது இதில்தான்.

லாடத்தைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே அடித்துவிடுவோம். ஓர் ஆணி உள்சதையை ஒட்டிப் போயிருந்தால் நொண்டல் தெரியவும் ஆறவும் நாள் வேண்டுமே. முந்தின நாள் குளியல். மினுக்கு எண்ணெயை வாலுக்குப் போடலாம், சேணம் உட்காரும் இடத்தில் போடவே கூடாது, சேணம் வழுக்கும். பிடரிக்குக் கண்டிஷனரும் ஆகாது, பின்னல் நிற்காது.

பின்னல்தான் பெரிய வேலை. பிடரி மயிரை உள்ளங்கை அகலத்துக்கு ஒரே சீராகக் குறைத்து, ஈரம் தொட்டு, சம பங்காகப் பிரிக்க வேண்டும். மூன்று பிரிப் பின்னல். பாதியில் நூலைச் சேர்த்து நுனிவரை பின்னி, மடித்துச் சுருட்டி, மழுங்கின ஊசியால் தைப்போம். மெழுகு பூசின நூல் என்றால் நழுவாது. அம்மா கனகாம்பரம் தொடுக்கிற மாதிரி கை நிற்காமல் ஓட வேண்டும். அடியில் அதிகம் இறுக்கினால் கழுத்தைத் தாழ்த்தும்போது சுரீர் என்று இழுக்கும், குதிரை தலையை உதறும், மதிப்பெண் போகும். இரவே பின்னி வைத்தால் சுவரில் தேய்த்துப் பிய்த்துவிடும். அதனால் காலையில்தான்.

வெளியூர்த் தண்ணீரைச் சில குதிரைகள் தொடாது. ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கிற பிராணி. குடிக்காவிட்டால் வயிற்றுவலி வந்துவிடும். இங்கிருந்தே கேனில் கொண்டுபோவோம். இன்னொன்று, காபியில் இருக்கும் கஃபீனும் மிளகாயில் இருக்கும் கேப்சைசினும் குதிரை ரத்தத்தில் தெரிந்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அம்மா கொடுத்த காபித்தூளும் இட்லிப்பொடியும் என் அறையைத் தாண்டுவதில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவின பிறகுதான் லாயம்.

ரைடருக்குப் பாடம் மனப்பாடமாக இருக்க வேண்டும். தாளில் களம் வரைந்து விரலால் போய்ப் பார்ப்பார், பிறகு தரையில் நடந்து பார்ப்பார். குதிரை மேல் முழுசாக, வரிசை மாறாமல் திரும்பத் திரும்பச் செய்தால் குதிரையும் படித்துக்கொண்டு, சொல்லும் முன்னே திரும்பிவிடும். துண்டு துண்டாகத்தான் பழக்க வேண்டும்.

போட்டி அன்றைக்குக் குதிரைக்கு உடம்பு சூடேற்ற நாற்பது நிமிஷம் போதும். முதல் பத்து நிமிஷம் லகானைத் தளர விட்டு வெறும் நடை. அப்புறம் டிராட் என்கிற துள்ளு நடை, கேன்டர் என்கிற மெதுவான பாய்ச்சல். மிரளுகிறதுக்குப் பெரிய வட்டங்களும் நிறைய நடையும். மந்தமானதுக்குக் கொஞ்ச நேரம், அடிக்கடி நடை மாற்றம். பயத்தில் அதிகம் ஓட்டி, களைத்த குதிரையோடு உள்ளே போகிறவர்களை இங்கே நிறையப் பார்க்கலாம். கால் பட்டைகளை வாசலிலேயே அவிழ்த்துவிட வேண்டும். மணி அடித்தால் தாமதிக்காமல் உள்ளே போக வேண்டும்.

தம்பி, உனக்குப் பின்னல் வேண்டாம். ஆனால் சேணத்தைக் கட்டுகிற வயிற்றுவாரை ஒரேயடியாக இறுக்காதே, இரண்டு மூன்று தடவையாக இறுக்கு. மூக்குப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். சேணம் முதுகெலும்பைத் தொடக் கூடாது. வயசு தெரியப் பல்லைப் பார்க்கச் சொல். மூன்று வயது முடியவில்லை என்றால் கோடை விழாக் கூட்டத்துக்காக ஆளை ஏற்றாதே. முதுகு போனால் போனதுதான்.

எதிர்வீட்டுப் பெரியவர் ரோஜாச் செடிக்குச் சாணம் வாங்க வாளியோடு வருவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் குதிரைகளிடம் தமிழில்தான் பேசுகிறேன், அவை காதைத் திருப்பிக் கேட்கின்றன. காபி பூத்த வாசனை வீடு வரைக்கும் வருகிறதா அப்பா? ராத்திரி ஜன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறீர்களா?

இந்த மாதம் பணம் இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும், சம்பள நாளை மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. அம்மா வளையலை இப்போது மீட்க வேண்டாம், வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள். மிளகை மொத்தமாகச் சேலம் லீ பஜாருக்கு அனுப்பாமல் பாதியை நிறுத்தி வையுங்கள், அக்கா கல்யாணச் செலவுக்கு ஆகும். மேட்டுக்காட்டை அளக்க சர்வேயர் வரும் அன்று கொண்டலாம்பட்டி மாமாவையும் கூப்பிடுங்கள். பெரியப்பா கையெழுத்துப் போடாமல் கல் நட விடாதீர்கள்.

அன்பு மகள்