ஃபதோர்டாவிலிருந்து திரும்பிய மகளுக்கு

பாளையங்கோட்டை
23.11.2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மழை நன்றாகப் பெய்து ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. மாப்பிள்ளையையும் பேரனையும் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.

சென்ற மாதம் 14-ஆம் தேதி இரவு, இந்தியக் கால்பந்து அணி சிங்கப்பூரிடம் தோற்ற ஆட்டம் முடிந்த கையோடு, கோவாவின் ஃபதோர்டா மைதானத்து வாசலிலிருந்து நீ போன் செய்து, "போதும்ப்பா, இனிமே நம்ம டீம் மேட்ச நான் பாக்கவே மாட்டேன். இவனுக்கு அர்ஜென்டினா சட்டை வாங்கிக் குடுத்திருதேன். அவனாவது ஜெயிக்கிற பக்கம் இருக்கட்டும்" என்றாய். குரல் கம்மியிருந்தது. பக்கத்தில் பேரன் விசும்புவதும் கேட்டது. அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் உன் மனதில் ஏறாது என்று பேசாமல் இருந்தேன். இப்போது டாக்காவில் வங்கதேசத்துடனான ஆட்டமும் முடிந்துவிட்டதால், சொல்ல வேண்டியதை முழுதாகச் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

நீ நேரில் கண்டதை நான் இங்கே தொலைக்காட்சியில் கண்டேன். அக்டோபர் 9 அன்று சிங்கப்பூரில் சந்தேஷ் ஜிங்கன் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய பிறகும் பத்துப் பேராக நின்று போராடி, 90-வது நிமிடத்தில் ரஹீம் அலி அடித்த கோலால் 1-1 என்று சமன் செய்தவர்கள், ஐந்து நாள் கழித்துச் சொந்த மண்ணில், சாங்டே தொலைவிலிருந்து அடித்த அந்த அருமையான கோலால் 14-வது நிமிடத்திலேயே முன்னிலை பெற்றும், இடைவேளைக்குச் சற்று முன்பு ஒன்றும் பின்பு ஒன்றுமாக வாங்கி 1-2 என்று தோற்று, 2027-இல் சவூதி அரேபியாவில் நடக்கவிருக்கும் ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பையும் இழந்தார்கள். முதலிலேயே மூன்று கோல் வாங்கித் தோற்றிருந்தால் இத்தனை வலித்திருக்காது. கைக்கு வந்தது போவதுதான் நம் அணியைப் பின்தொடர்கிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் துயரம். அதை நீ முதன்முறையாக மைதானத்திலேயே அனுபவித்துவிட்டாய்.

இது இன்று நேற்று வந்ததில்லை. சுதந்திர இந்தியா ஒலிம்பிக்கில் ஆடிய முதல் கால்பந்து ஆட்டமே இப்படித்தான் முடிந்தது. 1948-இல் லண்டனில் பிரான்சை எதிர்த்து நம்மவர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் அடித்த கோலால் 1-1 என்று சமநிலை வந்தது. ஆனால் கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் தவறவிட்டு, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோல் வாங்கி 1-2 என்று தோற்றார்கள். ஃபதோர்டாவில் நீ பார்த்த அதே கணக்கு. பேரனிடம் இதைச் சொல். அவன் அழுதது தனியாக அழுததல்ல. அவனுக்கு முன்னே எழுபத்தேழு ஆண்டுகளாக ஒரு பெரிய வரிசை அழுதுகொண்டுதான் நிற்கிறது.

வென்ற காலமும் இருந்தது. 1951-இல் டெல்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றோம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றோம். ஜகார்த்தா இறுதிப் போட்டியில் அரங்கமே எதிராகக் கூச்சலிட்டபோது தென்கொரியாவை 2-1 என்று வென்ற அணிக்குப் பயிற்சியாளரான ரஹீம் சாஹிப், உடலில் புற்றுநோயைச் சுமந்துகொண்டு நின்றவர். அடுத்த ஆண்டே காலமானார். நான் விவரம் தெரிந்து இந்த அணியைப் பிடித்துக்கொண்டது அதற்கெல்லாம் பின்பு, 1970-இல். பாங்காக்கில் ஜப்பானை வென்று வெண்கலம் வாங்கிய செய்தி வந்தபோது நான் பள்ளிச் சிறுவன். இனி ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பதக்கம் வரும் என்று மனதார நம்பினேன். ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் ஆண்கள் கால்பந்து அணிக்குக் கிடைத்த கடைசிப் பதக்கம் அதுதான்.

உனக்கு 2019 பொங்கல் நினைவிருக்கும். அப்போது உனக்குத் திருமணமாகவில்லை, விடுமுறைக்கு வந்திருந்தாய். ஷார்ஜாவில் பஹ்ரைனுடன் ஆட்டம். அதற்கு முன் தாய்லாந்தை 4-1 என்று வென்றிருந்ததால், சமன் செய்தாலே ஆசியக் கோப்பையின் அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம் என்ற நிலை. அம்மா முற்றத்தைக் கழுவிவிட்டு, விடியலில் பொங்கலிடுவதற்காக அடுப்புக் கட்டிகளையும் பனையோலையையும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். நடுவீட்டில் கரும்புக் கட்டும் மஞ்சள் குலையும் சாய்த்து வைத்திருந்தன. நீ அவித்த பனங்கிழங்கை நார் உரித்துக்கொண்டே தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தாய். 90 நிமிடம் கோல் விழாமல் தாக்குப்பிடித்தார்கள். நீ கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றாய். கூடுதல் நேரத்தின் முதல் நிமிடத்தில் நம் ஆள் தடுக்கப் போய்ப் பெனால்டி கொடுத்துவிட்டார். 0-1. எல்லாம் முடிந்தது. பயிற்சியாளர் கான்ஸ்டன்டைன் அன்றே பதவி விலகினார். நாம் இருவரும் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தபோது அம்மா எட்டிப் பார்த்து, "தோத்தாவன்னா பொங்கல் பொங்காமயா போயிரும்? ரெண்டு பேரும் போய்ப் படுங்க, நாலு மணிக்கு எந்திரிக்கணும்" என்றாள். நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பும் அந்த அணி கொடுத்ததுதான் என்று நான் நினைக்கிறேன். அன்று 4-0 என்று வென்றிருந்தால் அந்த இரவு இத்தனை துல்லியமாக உனக்கும் எனக்கும் நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

தெருமுக்குத் தேநீர்க் கடையில் இந்தியா ஆடிய மறுநாள் காலை என்னைப் பார்த்ததும், "என்ன சார்வாள், நேத்து எத்தன வாங்குனாவ?" என்றுதான் கேட்பார்கள். எத்தனை அடித்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கோவில்பட்டியிலிருந்து வரும் என் பழைய நண்பர், ஹாக்கி ஊர்க்காரர் என்ற உரிமையில், டோக்கியோவிலும் பாரிசிலும் வாங்கிய வெண்கலங்களைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தேநீர் வாங்கித் தருவார். அவர்கள் பேச்சில் பிரியம் இருக்கிறது. ஆட்டம் பார்க்காதவர்கள்கூட என் முகத்தைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வி மட்டும் எனக்கு எப்போதும் பொறுக்காது: "140 கோடிப் பேர்ல பதினோரு பேரு கெடைக்கலையா?"

உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் இதற்கு எனக்குப் பதில் தெரியும். பதினோரு பேரை 140 கோடியிலிருந்து எடுப்பதில்லை. பத்து வயதில் பந்தைத் தொட்டு, பதினேழு வயதிலும் விடாமல் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிலிருந்துதான் எடுக்க முடியும். அந்தக் கூட்டம் நம் நாட்டில் மிகச் சிறியது. இடதுகால் பையன் ஒருவன் என்னிடம் ஆடினான். பந்தைப் பார்க்காமலே எதிர்முனைக்குத் தூக்கிப் போடுவான், அது சொல்லி வைத்த இடத்தில் விழும். மாவட்ட அணிக்குத் தேர்வானான். பத்தாம் வகுப்பு தொடங்கிய வாரத்தில் அவனுடைய தகப்பனார் வந்து, அவன் பூட்ஸைச் செய்தித்தாளில் சுற்றி என் மேசைமேல் வைத்து, "பப்ளிக் பரீட்சை முடியட்டும் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டுப் போனார். அவர் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கால்பந்து சோறு போடும் என்று அவருக்குக் காட்ட என்னிடம் ஓர் எடுத்துக்காட்டும் இல்லை. பரீட்சை முடிந்தும் பையன் வரவில்லை. மாவட்டந்தோறும் இப்படி எத்தனை பூட்ஸ் மேசைமேல் வந்திருக்கும்! மெட்ராஸ் என்ற பெயரிலும் தமிழ்நாடு என்ற பெயரிலும் மாநில அணிகளுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பையை நாம் ஒருமுறைகூட வென்றதில்லை என்பதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. மேலே பார்த்தாலும் அதே நிலைதான். ஒப்பந்தச் சிக்கலால் இந்த ஆண்டு ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கிளப் தொடர் உரிய காலத்தில் தொடங்காமல் நிற்கிறது. ஆட்டமே இல்லாமல் இருக்கும் ஆட்டக்காரர்களை நேராக நாட்டுக்காக இறக்கினால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது.

இந்த 18-ஆம் தேதி டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றோம். 2003-க்குப் பிறகு அவர்களிடம் நாம் தோற்பது இதுவே முதல்முறை. அதே தேதியில் கரீபியன் கடலிலுள்ள குராசோ 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அங்கே மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றரை லட்சம். நம் திருநெல்வேலி மாநகராட்சியில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அந்தக் குராசோவிடம் 2019-இல் தாய்லாந்தில் 1-3 என்று தோற்ற ஆட்டத்தில்தான், நம் தெற்குக் கடலோரம் இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் இந்தியாவுக்காக முதன்முதலாகக் களமிறங்கினார். அவர் நீலச் சட்டையில் ஓடியதைப் பார்த்து நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கணுக்கால் மணலில் பந்து உதைத்துப் பழகிய நம் பக்கத்துப் பிள்ளை ஒருவர் அங்கே நிற்கிறார் என்பது அந்தத் தோல்வியைவிடப் பெரிதாக எனக்குப்பட்டது. அடுத்த ஆண்டே காலில் பலத்த காயம் பட்டு அவர் நீண்ட காலம் ஆட முடியாமல் போனதை அறிந்து, வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்ததைப்போல வருந்தினேன்.

இதற்குத்தான் வருகிறேன், மகளே. தோற்கிற அணியை விட்டுவிட உனக்கும் எனக்கும் எந்தத் தடையும் இல்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் மாட்ரிட் ஆட்டமோ மான்செஸ்டர் ஆட்டமோ வந்துவிடும். ஆனால் அந்தப் பதினோரு பேருக்கு ஆட வேறு நாடு இல்லை. 2018-இல் மும்பையில் சீன தைபேயை 5-0 என்று வென்றபோது அரங்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான் இருந்தார்கள். அணித்தலைவராக இருந்த சுனில் சேத்ரி கைகூப்பாத குறையாக, "வந்து திட்டவாவது செய்யுங்கள், ஆனால் வாருங்கள்" என்ற பொருளில் பேசிய காணொளியை நாம் சேர்ந்துதான் பார்த்தோம். அடுத்த ஆட்டத்துக்கு அரங்கம் நிரம்பியது. அதே சேத்ரி ஓய்வு பெற்றுப் போன பிறகும், அணிக்குத் தேவை என்று அழைத்தபோது நாற்பது வயதில் திரும்பி வந்து இந்த ஆண்டு மறுபடியும் ஓடினார். தாய்வழியில் மும்பைத் தொடர்புள்ள ரயன் வில்லியம்ஸோ, வேறு நாடு இருந்தும், ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் குடிமகனாகி, நாம் ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்த பிறகு அணி முகாமுக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்து சேரும் நேரத்தில் நீ கிளம்புவதை என் மனம் ஏற்கவில்லை.

பேரனுக்கு அர்ஜென்டினா சட்டையைத் தாராளமாக வாங்கிக் கொடு. மெஸ்ஸியின் ஆட்டத்தை ரசிக்காத பிள்ளைக்குக் கால்பந்து எப்படி வரும்? ஆனால் அந்த அணி தோற்றால் இவன் அழமாட்டான். அழுதாலும் மறுநாள் மறந்துவிடுவான். ஃபதோர்டாவில் அவன் அழுதது வேறு. அதை ஆற்றிவிட வேண்டும் என்று நீ அவசரப்படாதே.

மார்ச் 31 அன்று நம் நாட்டில் ஹாங்காங்குடன் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் இருக்கிறது. வென்றாலும் ஆசியக் கோப்பைக்குப் போக முடியாது; அதனால் கூட்டமும் குறைவாகவே இருக்கும். அன்றைக்கு அரங்கில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எந்த ஊரில் நடந்தாலும் நமக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிடு. மாப்பிள்ளைக்கு விடுப்புக் கிடைத்தால் நான்காக எடு. அம்மா வரமாட்டாள், கேட்டுப் பார்த்துவிட்டேன். எனக்கு ரயிலில் கீழ்ப் படுக்கை வேண்டும், முழங்கால் வலி இருப்பதால் ஏற முடியவில்லை. அதை மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வை.

அன்புடன்,
அப்பா