கல் சுவரும் பச்சைத் தழையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களும் அடிமை முறையைக் காக்க நின்ற தெற்கு மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரில் இரண்டு பக்கமும் நின்று சண்டையிட்ட ஐரிஷ் வீரர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண் கலங்கியது. இரண்டாம் முறை கொஞ்சம் எரிச்சலே வந்தது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். வடக்குப் படையில் இருந்த ஐரிஷ் பிரிகேட் என்ற படைப்பிரிவின் தளபதி பெயர் ‘மீகர்’ என்று அச்சாகியிருக்கிறது. எழுத்துக் கூட்டினால் அப்படித்தான் வரும், ஆனால் அதைச் சொல்வது ‘மார்’ என்று. தாமஸ் பிரான்சிஸ் மார்.

இனி பெரிய விஷயம். 1862 டிசம்பர் 13 அன்று பிரெடரிக்ஸ்பர்க்கில் மாரின் ஆட்கள் தொப்பியில் பச்சைத் தழை செருகிக்கொண்டு மேட்டை நோக்கி ஏறியது உண்மை. கிழிந்துபோன பழைய பச்சைக் கொடிகளைப் புதிதாக மாற்ற நியூயார்க்குக்கு அனுப்பியிருந்தார்கள், அதனால்தான் அந்தத் தழை. சுமார் 1,200 பேர் போனதில் 545 பேர் செத்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். இதுவரை சரி. ஆனால் மேட்டில் கல் சுவருக்குப் பின்னால் இருந்த தெற்குப் படையின் 24வது ஜார்ஜியா ரெஜிமென்ட்டும் முழுக்க ஐரிஷ்காரர்கள், அழுதுகொண்டே சொந்தச் சகோதரர்களைச் சுட்டார்கள் என்று கட்டுரையாளர் எழுதுகிறார். அந்த ரெஜிமென்ட்டின் கர்னல் ராபர்ட் மக்மில்லன் அயர்லாந்தின் ஆன்ட்ரிமில் பிறந்தவர்தான். அவருக்குக் கீழே இருந்தவர்களில் பெரும்பாலோர் ஜார்ஜியாவின் வடகிழக்குப் பகுதி விவசாயிகள். சுவருக்குப் பின்னால் ஐரிஷ்காரர்கள் கும்பலாக இருந்தது பக்கத்தில் நின்ற பிலிப்ஸ் லீஜன் என்ற படையின் ஒரு கம்பெனியில், அதாவது ஒரு சிறு படைக்குழுவில். கண்ணீர்க் கதைக்கு ஒரு கம்பெனி போதாது என்று யாரோ ரெஜிமென்ட் முழுவதையும் அயர்லாந்துக்குத் தத்து கொடுத்துவிட்டார்கள்!

‘பசி தள்ளிய இடத்தில் நின்றார்கள், அவர்களுக்குப் பக்கமே கிடையாது’ என்று கட்டுரை முடிகிறது. பெரும்பாலோர் விஷயத்தில் இதை ஒப்புக்கொள்கிறேன். 1845இல் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கிய பிறகு பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். கப்பல்கள் அதிகமும் போனது நியூயார்க், பாஸ்டன் போன்ற வடக்குத் துறைமுகங்களுக்கு. வடக்குப் படையில் சுமார் 1,50,000 ஐரிஷ்காரர்களும் தெற்கில் 20,000 பேர் வரையும் இருந்ததற்கு அதுதான் முதல் காரணம். தெற்கே நியூ ஆர்லியன்ஸில் இறங்கியவர்களின் பாடு இன்னும் மோசம். அங்கே பஞ்சத்துக்கு முன்பிருந்தே சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்ட ஐரிஷ் கூலிகளைத்தான் இறக்கினார்கள். அடிமை செத்தால் முதலாளிக்குக் கைக்காசு நட்டம், கூலி செத்தால் மறுநாள் இன்னொருவன் வருவான்.

சரி, மாரையும் ஜான் மிட்செலையும் எந்தப் பசி தள்ளியது? இருவரும் 1848இல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துத் தண்டனை பெற்றவர்கள். இருவரும் டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கிருந்து தப்பி நியூயார்க் வந்தவர்கள். மார் போருக்கு முன்பு தெற்கின் மேல் அனுதாபம் கொண்டிருந்தும் வடக்கின் சீருடையைப் போட்டார். மிட்செல் 1854லேயே, அலபாமாவில் திடகாத்திரமான கறுப்பர்களோடு ஒரு தோட்டம் வேண்டும் என்று தன் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதியவர். அயர்லாந்தின் விடுதலைக்காகச் சிறை போன மனிதர் எழுதியது இது! தெற்குக்காக அவருடைய மூன்று மகன்களும் போனார்கள். கடைசி மகன் கெட்டிஸ்பர்க்கில் செத்தான், மூத்தவன் சம்டர் கோட்டையில் செத்தான், நடுமகன் ஒரு கையை இழந்தான்.

விவரம் தெரியாத மக்கள் என்றும் சொல்ல முடியாது. அடிமை முறையை எதிர்ப்பவர்களோடு சேருங்கள் என்று அமெரிக்காவில் இருந்த ஐரிஷ்காரர்களுக்கு அயர்லாந்தின் பெரிய அரசியல் தலைவர் டேனியல் ஓகானல் உட்பட 60,000 பேர் கையெழுத்திட்ட வேண்டுகோள் அயர்லாந்திலிருந்தே போயிருக்கிறது. 1842இல் அதை பாஸ்டனில் கூட்டம் போட்டு வாசித்தார்கள். பலரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடுதலையாகும் கறுப்பன் வந்து துறைமுகத்தில் தன் மூட்டை தூக்கும் வேலையைப் பறிப்பான் என்ற பயம் அவர்களுக்கு.

அந்தப் பயம் எங்கே போய் முடிந்தது என்பதுதான் கட்டுரையில் அடியோடு விடுபட்டிருக்கிறது. 1863 ஜூலையில் கட்டாயமாகப் படைக்கு ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். 300 டாலர் கட்டினால் விலக்கு. அது ஒரு கூலிக்காரனின் ஒரு வருடச் சம்பளத்துக்குப் பக்கம். நியூயார்க்கில் கலவரம் வெடித்தது, கும்பலில் அதிகம் இருந்தவர்கள் ஐரிஷ் ஏழைகள். பணக்காரன் மேல் வந்த கோபம் கறுப்பர்கள் மேல் திரும்பியது. தெருவில் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளின் அனாதை இல்லத்துக்குத் தீ வைத்தார்கள், குழந்தைகள் பின்வாசல் வழியாகத் தப்பினார்கள். கும்பலை அடக்க வந்த போலீஸிலும் நிறைய ஐரிஷ்காரர்கள் இருந்தார்கள். ‘இரண்டு பக்கமும் ஐரிஷ்’ என்பதற்கு உங்கள் கட்டுரையாளர் உதாரணம் தேடினால், பிரெடரிக்ஸ்பர்க்கைவிட இது நல்ல உதாரணம்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த இதழில் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் இந்தக் கலவரத்துக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள். அப்புறம், அந்த ‘மீகர்’.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர்.