ஏசிஎல் ஆபரேஷன்னா ஆறு மாசம்னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எந்த பிளேயருக்கு முட்டியில ஏசிஎல் (முட்டிக்குள்ள தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைச்சு வைக்கிற லிகமெண்ட், அதாவது நார்) கிழிஞ்சாலும் விளையாட்டுப் பக்கத்துல வர்ற செய்தி ஒரே மாதிரிதான் இருக்கு, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, ஆறு மாசத்துல திரும்ப ஆட வந்துடுவார்னு. நான் பிசியோதெரபிஸ்ட், இந்த ஆபரேஷன் பண்ணிட்டு வர்றவங்களோடதான் என் வேலை. அந்த ஆறு மாசத்தை மனசுல வச்சுக்கிட்டு வர்ற சின்னப் பசங்களைப் பாக்குறப்ப ரொம்ப வருத்தமா இருக்கு, அதான் எழுதுறேன்.

பெரும்பாலும் கிழிஞ்ச லிகமெண்ட்டை அப்படியே தைக்கிறதில்ல. நம்ம உடம்புல இருந்தே வேற ஒரு தசைநாரை எடுத்து, தொடை எலும்புலயும் கீழ்க்கால் எலும்புலயும் டன்னல் போட்டு, அது வழியா இழுத்து ஸ்குரூவோ பட்டனோ வச்சு இறுக்குறாங்க. அந்த நாருக்கு அப்போ சொந்தமா ரத்த ஓட்டம் கிடையாது, புதுசா ரத்தக் குழாய் வளர்ந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் அது லிகமெண்ட் மாதிரி மாறும், நடுவுல முதல் சில மாசம் வச்ச அன்னைக்கு இருந்ததை விட வலு குறைஞ்சே போகும். ஆனா அதே சமயத்துலதான் வீக்கம் வத்தி, வலி போயி, ஆளு நல்லா நடக்க ஆரம்பிச்சிருப்பாரு, எல்லாம் சரியாயிடுச்சுன்னு தோணிடும். எனக்கு அதிகமா பயம் இருக்கறதே அந்தக் கட்டத்துலதான்.

2016ல வந்த ஒரு ஆய்வுல, ஒன்பது மாசம் வரைக்கும் விளையாட்டுக்குத் திரும்புறதை ஒவ்வொரு மாசம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முட்டி அடிபடுறது கிட்டத்தட்ட பாதியா குறையுதுன்னு பாத்திருக்காங்க. நாள் கணக்கு மட்டும் போதாது, முன்தொடை பலம் நல்ல காலோட ஒப்பிட்டா 90 சதவீதமாவது வந்திருக்கணும், ஒத்தக் கால்ல குதிக்கிற டெஸ்ட்டும் பாக்கணும்.

எந்த நாரை எடுக்குறாங்கன்றதும் முக்கியம், இதை யாரும் எழுதுறதே இல்ல. முட்டிச்சில்லுக்குக் கீழ இருக்கற பட்டெல்லார் டெண்டனை ரெண்டு பக்கமும் எலும்புத் துண்டோட எடுத்தா எலும்பும் எலும்பும் சீக்கிரம் சேந்துக்கும், ஆனா மண்டி போடும்போது வலி இருக்கும். பின்தொடை ஹாம்ஸ்ட்ரிங்ல எடுத்தா அந்த வலி கம்மி, ஆனா மடக்குற பலம் கொஞ்சம் குறையும், கிராஃப்ட், அதாவது எடுத்து வைக்கிற அந்த நார், 8 மில்லிமீட்டருக்குக் கீழ மெலிசா போச்சுன்னா திரும்ப அறுந்துபோற ஆபத்தும் கூடுது. இறந்தவங்க தானமா குடுத்த நாரை விளையாடுற வயசுப் பசங்களுக்கு வைக்கிறதை நான் ஒத்துக்கவே மாட்டேன், சொந்த நாரை விட அது அறுந்துபோற வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

2020ல வந்த ஸ்டெபிலிட்டி ஆய்வையும் சொல்லணும். 25 வயசுக்குள்ள இருக்கற 618 பேரு, பாதிப் பேருக்கு ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட் மட்டும், மீதிப் பேருக்கு அதோட முட்டிக்கு வெளிப்பக்கமா ஒரு திசுப் பட்டையும் சேத்து இறுக்கினாங்க. ரெண்டு வருஷத்துல கிராஃப்ட் அறுந்தது முதல் கூட்டத்துல 11 சதவீதம், பட்டை போட்டவங்கள்ல 4 சதவீதம். சின்ன வயசுல இந்த ஆபரேஷனுக்குப் போறவங்க டாக்டர்கிட்ட இதைக் கட்டாயம் கேக்கணும்.

எல்லாம் நல்லபடியா நடந்தாலும் பழைய நிலைக்கு எல்லாரும் வர்றதில்ல. 2014ல நிறைய ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல 81 சதவீதம் பேரு ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பினாங்க, அடிபடுறதுக்கு முன்னாடி ஆடின அளவுக்கு வந்தவங்க 65, போட்டிகள்ல திரும்ப ஆடினவங்க 55 தான்.

இன்னொண்ணு, எல்லாருக்கும் உடனே கத்தி வைக்கணும்னும் இல்ல. ஸ்வீடன்ல 121 பேரை வச்சு நடந்த கேனன் ஆய்வுல, முதல்ல உடற்பயிற்சி, தேவைப்பட்டா அப்புறம் ஆபரேஷன்னு விட்டவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அஞ்சு வருஷம் கழிச்சும் ஆபரேஷன் தேவைப்படல, உடனே ஆபரேஷன் பண்ணினவங்களோட ஒப்பிட்டாலும் முட்டி நிலையில பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா அவங்க தொழில்முறை வீரர்கள் இல்ல. முட்டி அடிக்கடி விலகுது, மெனிஸ்கஸும் (முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்கற குருத்தெலும்பு) கிழிஞ்சு முட்டி லாக் ஆகுதுன்னா காத்திருக்கக் கூடாது.

அதனால ஐயா, அடுத்த தடவை இப்படி செய்தி போடும்போது என்ன கிராஃப்ட் வச்சாங்க, மெனிஸ்கஸையும் தச்சாங்களான்னு கேட்டு எழுதுங்க, திரும்பி வர்ற தேதியை மட்டும் ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே போடாதீங்க, பயிற்சி முடிஞ்சு டெஸ்ட் பாஸானதும் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்