இதழியல் மாணவர்களுக்கு நீதிமன்றப் பயிற்சி

ஆசிரியருக்கு,

இதழியல், தகவல் தொடர்பியல் முதுகலைப் படிப்புகளுக்கான மாணவர் சேர்க்கை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி, ஒளிப்பதிவுக் கூடம், படத்தொகுப்பு மென்பொருள் ஆகிய வசதிகளையே முன்னிறுத்தியது. அவை வேண்டியவைதான், ஆனால், 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இயங்கிவரும், 100 வார்டுகள் கொண்ட மாநகராட்சியும் உள்ள மதுரையில், நீதிமன்றச் செய்தியும் மாமன்றக் கூட்டச் செய்தியும் எழுதும் பயிற்சிக்கே பாடத்திட்டத்தில் முதலிடம் தர வேண்டும். நான் பணியாற்றும் செய்திப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் முதுகலை மாணவர்கள் காணொலியை நொடியில் தொகுத்துவிடுகிறார்கள். இடைக்கால உத்தரவையோ இறுதித் தீர்ப்பு என்று எழுதிவிடுகிறார்கள். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரைத் தவிர்ப்பவர்கள்கூடப் பள்ளியையும் தெருவையும் குறிப்பிடுகிறார்கள். சிறப்பு நீதிமன்றத்தின் அனுமதியின்றி இத்தகைய விவரங்களை வெளியிடுவதை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 23-ஆவது பிரிவில் தடை செய்திருப்பதை, இரவுப் பதிப்பின் அவசரத்திலா கற்பிப்பது?

ஒரு பருவம் முழுவதும், வாரத்தில் ஒரு நாள் மாணவர்களை நீதிமன்றத்துக்கோ மாமன்றக் கூட்டத்துக்கோ அனுப்பி, அன்று மாலைக்குள் அவர்கள் தமிழில் எழுதித் தரும் செய்திக்கே அக மதிப்பெண் வழங்கலாம். அவற்றைத் திருத்தித் தர ஓய்வுபெற்ற செய்தியாளர்களைப் பல்கலைக்கழகங்கள் அழைக்கலாம்.

செய்திப் பிரிவு ஊழியர் ஒருவர்,
மதுரை.